பூட்டிய மருந்து
உலோக அணைவுச் சேர்மங்களும் இலக்கு நோக்கிய மருத்துவமும்

மருந்து எது என்ற வினாவுக்கு மனித குலம் பன்னூறு ஆண்டுகளாக விடை தேடி வந்துள்ளது. அம்மருந்தை நோயுற்ற உறுப்புக்கு மட்டும் எவ்வாறு கொண்டு சேர்ப்பது என்ற வினாவோ அதனினும் கடினமானது. வாய்வழி உண்ட மருந்தும் ஊசிவழி ஏறிய மருந்தும் குருதியில் கலந்து உடலெங்கும் பரவுகின்றன. தலைவலிக்கு உண்ட மாத்திரை கால் பெருவிரல் வரைக்கும் சென்று திரும்புகிறது. அதனால் பெருந்தீங்கு இல்லை. ஆனால் உயிரணுவைக் கொல்வதற்கென்றே ஆக்கப்பட்ட புற்றுநோய் மருந்து அவ்வாறு எங்கும் பரவினால் என்னாகும்? இவ்வினாவுக்கு வேதியியலார் கண்டுவரும் விடைகளுள் ஒன்று உலோக அணைவுச் சேர்மங்கள் வழியாக மருந்தைச் செலுத்துதல். அதனை, வேதியியல் பயிலாத மாணவரும் பெரியோரும் உணருமாறு விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

தமிழ்த் துறையைச் சார்ந்தவனுக்கு இப்பொருளில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவக்கூடும். அத்திப்பட்டில் வாழும் என் தாய்மாமனே இதற்குக் காரணம். துறைமுகத்தை ஒட்டிய கிளியரிங் அலுவலகம் ஒன்றில் நெடுநாள் எழுத்தராய் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தொண்டையில் புற்றுநோய் கண்டது. நாள்தோறும் கதிர்வீச்சு, நம் மக்கள் மொழியில் சொன்னால் 'கரண்டு வைப்பது'. வாரம் ஒருமுறை ஊசி. மூன்றாம் ஊசி முடிந்த மறுநாள் அவரைப் பார்க்கச் சென்றேன். வாந்தி எடுத்து ஓய்ந்து கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"மருமகனே, இந்த ஊர்ச் சாம்பலில் உலோகம் கலந்திருக்கிறது, அது நஞ்சு என்று ஊரே பேசுகிறது. அங்கே போனால் ஊசியில் ஏற்றுவதும் உலோகம்தானாம். பக்கத்துக் கட்டில்காரர் மகன் படித்த பையன், அவன் சொன்னான். நஞ்சுக்கு நஞ்சா? நான் இனிப் போகப் போவதில்லை" என்றார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தையும் எடுத்துக் காட்டினார். பெயரும் முகவரியும் இல்லாத பொட்டலம். தங்க பற்பம் என்று சொல்லி யாரோ விற்றுச் சென்றது.

அவருடைய வினாவை எளிதில் தள்ளிவிட இயலவில்லை. அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் உள்ளது. நிலக்கரியை எரித்தால் எஞ்சும் சாம்பலில் ஆர்சனிக், ஈயம், பாதரசம் ஆகியவை சிற்றளவில் உண்டு என்பது உலகறிந்த செய்தி. சாம்பல் குழாய்கள் கசிந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்ததை இப்பகுதி மீனவர்கள் பல ஆண்டுகள் முறையிட்டு வந்துள்ளனர். உலோகம் என்ற சொல்லே இங்கு அச்சம் தருவது இயல்பு. ஊசியில் இருந்த மருந்தும் உலோகம் கொண்டதுதான். அதன் பெயர் சிஸ்பிளாட்டின். அதில் உள்ள உலோகம் பிளாட்டினம். எனவே அவருக்கு விடை சொல்லும் பொருட்டு எங்கள் கல்லூரி வேதியியல் துறை நண்பரிடம் சில மாலைப் பொழுதுகள் நான் மாணவனாக அமர நேர்ந்தது.

அணைவும் ஈனியும்

உலோகத்தின் குணம் அதன் பெயரில் மட்டும் இல்லை. அது எதனோடு பிணைந்துள்ளது என்பதிலும் உள்ளது. நம் குருதியைச் சிவப்பாக்குவது இரும்பு. இலையைப் பசுமையாக்கும் பச்சையத்தின் நடுவில் இருப்பது மெக்னீசியம். வைட்டமின் பி 12-இன் நடுவில் அமர்ந்திருப்பது கோபால்ட் என்னும் உலோகம். அதன் அமைப்பைக் கண்டறிந்து 1956-இல் வெளியிட்ட டோரதி ஹாட்ஜ்கின் 1964-இல் நோபல் பரிசு பெற்றார். இவற்றுள் எதையும் தனி உலோகத் தூளாக உண்டு நாம் வாழ முடியாது. உரிய பிணைப்பில் இருக்கும்போதே அவை உயிருக்கு உதவுகின்றன.

இவ்வுண்மையைப் பாரசீக நாட்டு மருத்துவ மேதை அர்-ராஸீ ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளிலேயே ஒருவாறு உணர்ந்திருந்தார். தாம் வளர்த்த குரங்குக்கு நீர்மப் பாதரசத்தைக் கொடுத்துப் பார்த்து, வயிற்று வலிக்கு மேல் பெருந்தீங்கு காணவில்லை என்றும், பதங்கமாக்கிய பாதரச உப்போ கொடிய நஞ்சு என்றும் அவர் பிரித்துக் கூறினார். உலோகம் ஒன்றே, பிணைப்பு வேறு, விளைவும் வேறு. பாதரச ஆவி தீங்கானது என்பதை இன்று நாம் அறிவோம். எனினும் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

நடுவில் ஓர் உலோக அயனி. அதனைச் சூழ்ந்து தம்மிடமுள்ள எலெக்ட்ரான் இணைகளைக் கொடுத்துப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகள் சில. இக்கூட்டமைப்பே அணைவுச் சேர்மம். 1893-ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் வெர்னர் இதன் கொள்கையை வகுத்தார். 1913-இல் நோபல் பரிசு பெற்றார். சூழ்ந்து நிற்கும் மூலக்கூறுக்கு நம் பாடநூலார் 'ஈனி' என்று பெயரிட்டுள்ளனர். அணைத்தல் என்ற வினையிலிருந்து அணைவு. ஈனுதல் என்ற வினையிலிருந்து ஈனி. கலைச்சொற்களைக் கண்டு அஞ்சும் மாணவர்கள் இவ்விரு சொற்களையும் ஒருகணம் நின்று நோக்குதல் நன்று. கொடுப்பவர் நால்வர் அல்லது அறுவர். நடுவில் பெறுபவர் ஒருவர். அனைவரும் அணைந்து நிற்கின்றனர். வேதியியல் பாடத்தின் முதல் வகுப்பு இவ்வளவே.

உப்பின் காவல்

சிஸ்பிளாட்டின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே மிக்கேலே பெய்ரோன் என்ற இத்தாலிய வேதியியலாரால் ஆக்கப்பட்டது. மருந்தென்று ஒருவரும் அதனை நினைக்கவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்பவர் மின்புலத்தில் பாக்டீரியாக்கள் எவ்வாறு பிரிந்து பெருகுகின்றன என்று ஆராய்ந்தார். பாக்டீரியாக்கள் பிரியாமல் நூலிழைபோல் நீண்டுகொண்டே போயின. மின்சாரம் செய்த வேலை அன்று அது. மின்வாயாகப் பயன்பட்ட பிளாட்டினம் சிறிது கரைந்து, கரைசலில் இருந்த அம்மோனியா, குளோரைடு ஆகியவற்றோடு அணைவு கொண்டதன் விளைவே அது என்று பின்னர்த் தெளிந்தார். 1965-இல் இச்செய்தி வெளிவந்தது. 1969-இல் சுண்டெலிகளின் கட்டிகளை இம்மருந்து கரைத்ததைக் காட்டினார். 1978-இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. விரைப் புற்றுநோய் கண்ட இளைஞர்களுள் பெரும்பாலோர் இன்று குணமடைவதற்கு இம்மருந்தே தலையாய காரணம். தலை, கழுத்துப் புற்றுநோய்களில் கதிர்வீச்சோடு சேர்த்து இதனைக் கொடுப்பது இன்று பெருவழக்கு.

இதன் அமைப்பு எளியது. நடுவில் பிளாட்டினம், ஒருபக்கம் இரண்டு அம்மோனியா, மறுபக்கம் இரண்டு குளோரைடு. இனி நடப்பதைச் சற்று விரிவாகக் காண்போம். எண்ணூர், அத்திப்பட்டு வட்டாரத்து முதியோர்க்கு உப்பளம் புதிதன்று. கழிமுக நீரைப் பாத்தி கட்டி உப்பு விளைவித்த மண் இது. அந்த உப்பின் ஒரு பாதியே குளோரைடு. நம் குருதியும் உப்பு நீரே; அதில் லிட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லிமோல் குளோரைடு உண்டு. உயிரணுவின் உட்புறத்திலோ அது பல மடங்கு குறைவு. குருதியில் இருக்கும் வரையில் சுற்றிலும் குளோரைடு நிறைந்திருப்பதால் பிளாட்டினத்தைப் பற்றிய குளோரைடு எளிதில் விலகுவதில்லை. விலகினாலும் மற்றொன்று வந்து அமர்கிறது. மருந்து உயிரணுவுக்குள் புகுந்தவுடன் அந்தக் காவல் தளர்கிறது. குளோரைடு வெளியேற, அவ்விடத்தில் நீர் மூலக்கூறு வந்து அமர்கிறது. நீரைச் சுமந்த பிளாட்டினம் வேகம் மிக்கது, டி.என்.ஏ. இழையின் குவானைன் என்ற பகுதியைப் பற்றிக்கொள்கிறது. அடுத்தடுத்துள்ள இரு குவானைன்களைப் பற்றி இழையையே வளைத்துவிடுகிறது. வளைந்த இழையைப் படியெடுக்க இயலாமல் உயிரணு மடிகிறது.

ஆக, சிஸ்பிளாட்டின் தானே ஒரு பூட்டிய மருந்து. அதன் பூட்டு உப்பு.

மாமாவுக்கு நான் முதலில் சொன்னது இதுதான். ஏனெனில் அவருடைய மற்றொரு குறை, ஊசிக்கு முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாக 'வெறும் உப்புத் தண்ணீர்' ஏற்றி நாளை வீணாக்குகிறார்கள் என்பது. அது வெறும் தண்ணீர் அன்று. லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கலந்த சலைன். மருந்தை அதில் கலந்தால்தான் பூட்டு கழலாமல் இருக்கும். அன்றியும் இம்மருந்து சிறுநீரகம் வழியே வெளியேறும்போது அங்குள்ள உயிரணுக்களில் தேங்கி அவற்றைக் கெடுக்க வல்லது. மிகுந்த நீர் அதனை அலசி வெளியேற்றுகிறது. சலைன் ஏறும் மூன்று மணி நேரத்தைச் சலிப்போடு எண்ணும் நோயாளிக்கு இதனை ஒருவர் இரண்டு நிமிடம் எடுத்துச் சொல்லியிருந்தால் அவர் மனம் இவ்வளவு கலங்கியிராது என்பது என் எண்ணம்.

சீல் உடையும் இடம்

"அப்படியென்றால் வாந்தி ஏன்? காதில் இரைச்சல் ஏன்?" என்று அவர் விடாமல் கேட்டார். அவருடைய தொழிலையே உவமையாக்கினேன். துறைமுகத்திலிருந்து எண்ணூர் நெடுஞ்சாலையில் செல்லும் கன்டெய்னர் பெட்டியில் சீல் இருக்கிறது. சேர வேண்டிய கிடங்கில் அதிகாரி முன்னிலையில்தான் அது உடைக்கப்பட வேண்டும். சிஸ்பிளாட்டினின் சீல் வழியில் உடையாது, அது உண்மை. ஆனால் எந்தக் கிடங்குக்குள் நுழைந்தாலும் உடைந்துவிடும். எல்லா உயிரணுக்களின் உட்புறத்திலும் குளோரைடு குறைவுதானே? புற்று அணுவுக்குள் உடைவதுபோலவே சிறுநீரக அணுவுக்குள்ளும் உட்செவியின் நுண்மயிர் அணுவுக்குள்ளும் உடைகிறது. அவர் சிரித்தார். "சரக்கு சரி, சீல் சரியில்லை" என்றார். நூறு பக்க நூலின் சாரம் அது.

சீலைச் சரிசெய்யும் முயற்சியே கடந்த நாற்பது ஆண்டு கால ஆராய்ச்சி. முதலில் குளோரைடுகளை நீக்கி, இன்னும் இறுகப் பற்றும் ஈனியை வைத்தனர். அதுவே 1989-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற கார்போபிளாட்டின். சிறுநீரகத் தீங்கும் வாந்தியும் குறைந்தன. ஆனால் எலும்பு மச்சை பாதிப்பு மிகுந்தது. குடல் புற்றுநோய்க்குப் பயன்படும் ஆக்சாலிபிளாட்டின் மற்றொன்று. இவையும் இடமறிந்து திறப்பவை அல்ல.

இங்குதான் 'முன்மருந்து' என்னும் கருத்து நுழைகிறது. உடலில் புகும்போது மருந்தாக இராமல், உள்ளே மாற்றமுற்ற பின் மருந்தாவது முன்மருந்து. 1935-இல் உலகுக்கு அறிமுகமான பிரான்டோசில் என்ற சிவப்புச் சாயம் சோதனைக் குழாயில் கிருமியைக் கொல்லவில்லை. உடலுக்குள் பிளந்து சல்ஃபனிலமைடு ஆன பின்பே கொன்றது. இதற்குரிய ஆங்கிலச் சொல்லை 1958-இல் ஏட்ரியன் ஆல்பர்ட் என்பவர் ஆக்கினார். நாம் முன்மருந்து என்கிறோம். உறங்கும் மருந்து என்று அழைத்தாலும் எனக்கு உடன்பாடே.

பிளாட்டினத்திற்கு இரண்டு நிலைகள் உண்டு. நான்கு ஈனிகளைக் கொள்ளும் நிலை ஒன்று; ஆறு ஈனிகளைக் கொள்ளும் உயர் ஆக்சிஜனேற்ற நிலை மற்றொன்று. ஆறு ஈனி கொண்ட பிளாட்டினம் மந்தமானது. குருதியில் எதனோடும் எளிதில் வினைபுரியாது. உயிரணுவுக்குள் குளூட்டாதயோன், வைட்டமின் சி போன்ற ஒடுக்கும் பொருள்கள் அதற்கு எலெக்ட்ரான்களைத் தருகின்றன. உடனே மேலும் கீழுமாக இருந்த இரு ஈனிகள் உதிர்கின்றன. எஞ்சுவது பழைய சிஸ்பிளாட்டின். உதிரும் ஈனிகளின் இடத்தில் வேறொரு மருந்தையே கட்டி அனுப்பினால்? ஒரே பெட்டியில் இரு சரக்கு! பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்கா சென்ற சாந்தா தர் என்ற அறிவியலாளரின் குழு 2014-இல் இவ்வாறு சிஸ்பிளாட்டினோடு நாமறிந்த ஆஸ்பிரினைக் கட்டி, பிளாட்டின்-ஏ என்று பெயரிட்டு வெளியிட்டது. அழற்சியைத் தணிக்க ஆஸ்பிரின், புற்றணுவை அழிக்க பிளாட்டினம்.

கோபால்ட் இன்னும் நுட்பமானது. மூன்று நேர்மின் சுமை கொண்ட கோபால்ட் தன் ஈனிகளை இறுகப் பிடித்திருக்கும். ஓர் எலெக்ட்ரானைப் பெற்று இரண்டு நேர்மின் சுமைக்கு இறங்கினால் பிடி தளர்ந்துவிடும். புற்றுக்கட்டி தறிகெட்டு வளர்வதால் அதன் உட்பகுதிக்குக் குருதிக் குழாய்கள் ஒழுங்காகச் சென்று சேர்வதில்லை. அங்கு ஆக்சிஜன் பற்றாக்குறை நிலவுகிறது. நலமுள்ள திசுவில் கோபால்ட் எலெக்ட்ரானைப் பெற்றாலும் அங்குள்ள ஆக்சிஜன் அதனைப் பறித்துக்கொள்ள, பூட்டு மீண்டும் விழுகிறது. ஆக்சிஜன் இல்லாத கட்டிக்குள் பறிப்பார் இல்லை. பூட்டு திறக்கிறது, சுமந்து வந்த மருந்து இறங்குகிறது. நோயின் குறையையே சாவியாக்கும் உத்தி இது. நியூசிலாந்தின் ஆக்லாந்திலும் பின்னர் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் இவ்வழியில் ஆய்வுகள் நிகழ்ந்தன. இங்கு கோபால்ட் மருந்தன்று. சுமைகாரர் மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது சாவி ஒளி. நம் அடுக்களை மஞ்சளின் குர்குமின் ஆய்வுக்கூடத்தில் புற்றணுக்களைக் கொல்வது தெரிந்ததே. ஆனால் உடலின் நீரில் அது விரைவில் சிதைந்துவிடும். குருதியிலும் போதிய அளவு சேராது. மஞ்சள் தின்றால் புற்று தீரும் என்று மேடைகளில் முழங்குவோர் இதனைச் சொல்வதில்லை. இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் அகில் சக்கரவர்த்தியின் குழுவினர் குர்குமினைக் கோபால்ட், வனேடியம் ஆகியவற்றின் அணைவில் கட்டி நிலைநிறுத்தினர். இருளில் அமைதியாக இருக்கும் கோபால்ட் அணைவு, கண்ணுக்குப் புலனாகும் ஒளி பட்டதும் குர்குமினை விடுவித்தது. நம் மாநிலத்திலும் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பழனியாண்டவர் செம்பு, ருத்தேனியம் அணைவுகள் டி.என்.ஏ.யோடு பிணைவதை நெடுங்காலம் ஆராய்ந்தார். வேதியியல் மாணவர்கள் இத்துறையைத் தொலைதூரத்தது என எண்ண வேண்டியதில்லை.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. மேற்கூறிய பிளாட்டின்-ஏ, கோபால்ட், குர்குமின் அணைவுகள் உயிரணு வளர்ப்புக் கலங்களிலும் விலங்குகளிலும் கண்ட பயனையே இதுவரை காட்டியுள்ளன. ஆறு ஈனி கொண்ட பிளாட்டினத்துள் மிக முன்னேறிச் சென்றது சாட்ராபிளாட்டின் என்னும் மாத்திரை. விந்துச் சுரப்பிப் புற்றுநோயாளரிடம் பெரிய அளவில் சோதித்தபோது நோய் வளர்ச்சி சற்றே தாமதப்பட்டது, ஆயுள் நீளவில்லை. 2007-இல் அமெரிக்க ஒப்புதல் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. எனவே மருத்துவமனையில் இன்று கிடைப்பது பழைய சிஸ்பிளாட்டினும் அதன் உறவினரும்தான். நாளைய பூட்டுக்காக இன்றைய நோயாளி காத்திருக்க இயலாது.

பொட்டலம்

இனித் தலையணைக்கு அடியில் இருந்த பொட்டலத்திற்கு வருவோம். சித்த மருத்துவம் உலோகத்தை மருந்தாக்கிய மரபு. இராமதேவர் என்ற சித்தர் மக்கா சென்று யாக்கோபு எனப் பெயர் பெற்றார் என்பது வழிவழிச் செய்தி. அவர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்கள் இரசவாதமும் உலோக மருந்தும் பேசுகின்றன. அரபு மருத்துவமும் தமிழ் மருத்துவமும் கைகோத்ததற்கு அவரை அடையாளமாகக் காட்டுவது நம் மரபு. பாதரசத்தைக் 'கட்டுதல்' என்ற சொல்லாட்சியும், மருந்தைத் தேன், நெய், பால் முதலியவற்றோடு சேர்த்துச் செலுத்தும் அனுபானம் என்ற கருத்தும் இங்கு எண்ணத்தக்கவை. கட்டும் வேண்டும், சுமந்து செல்ல ஊர்தியும் வேண்டும் என்று அவர்கள் கருதியுள்ளனர். இதனைக் கொண்டு, சித்தர்கள் அணைவுச் சேர்மத்தை அன்றே அறிந்தனர் என்று எழுதும் ஆசை தமிழாசிரியர்க்கு எளிதில் எழும். எனக்கும் எழுந்தது. அவ்வாறு எழுத ஆதாரம் இல்லை; எனவே எழுதவில்லை.

அம்மரபே பற்பத்திற்குச் சுத்தி முறை, புட எண்ணிக்கை, முடிந்த மருந்தைச் சோதிக்கும் அடையாளம் என அடுக்கடுக்காகக் கட்டுப்பாடு விதிக்கிறது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பட்டம் பெற்ற மருத்துவர்கள் இருக்கின்றனர். பெயரற்ற பொட்டலம் அம்மரபைச் சேர்ந்ததன்று. அதில் எந்த உலோகம், எந்தப் பிணைப்பில், எவ்வளவு என்று சொல்வார் எவரும் இல்லை. சிஸ்பிளாட்டின் புட்டியிலோ எத்தனை மில்லிகிராம் என்பது வரை அச்சிட்டிருக்கிறது. அதன் தீங்குகளும் அறிந்த தீங்குகள். ஊசிக்கு முன் இரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பதும், வாந்தி அடக்கும் மருந்து கொடுப்பதும் அதனால்தான் இயலுகின்றன.

"பெட்டியில் என்ன சரக்கு என்று காகிதம் இல்லாமல் நீங்கள் என்றாவது ஒரு கன்டெய்னரை வெளியே விட்டதுண்டா, மாமா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மாமி வந்து பொட்டலத்தை எடுத்துச் சென்றார். வாந்தி குறித்து மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லும்படி வற்புறுத்தினேன். அவர்கள் மருந்தை மாற்றிக் கொடுத்தனர். அடுத்த வாரம் அத்திப்பட்டு நிலையத்தில் காலை மின்தொடர் வண்டியில் நானும் அவரோடு ஏறினேன்.

ஊசிகளும் கதிர்வீச்சும் முடிந்து ஈராண்டு ஆகிறது. கட்டி திரும்பவில்லை, அல்ஹம்துலில்லாஹ். மூன்று மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனைக்குச் செல்கிறார். உட்செவியில் மட்டும் பிளாட்டினம் தன் சுவட்டை விட்டுச் சென்றுள்ளது. மெல்லிய, உச்ச ஒலிகளை அவர் இழந்துவிட்டார். பள்ளிவாசலின் பாங்கு அவருக்கு நன்றாகவே கேட்கிறது. ஃபஜ்ருக்கு எழுப்ப வைத்திருக்கும் கைக்கடிகாரத்தின் அலாரம் கேட்பதில்லை, மாமிதான் எழுப்புகிறார்.